ஒன்பதாவது ஓட்டை

மரண தண்டனைப் பட்டியல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒட்டப்பட்டது.

ஒட்டியவர் ஐஸ்பெட்டி. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஆய்வுக்கூடத்தின் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்களுக்கு அவர்தான் பொறுப்பு, முகமும் ஏறக்குறைய அதே டிகிரியில் இருக்கும் என்பதால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் இது. நான்கு மூலையிலும் டேப் ஒட்டினார். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

'ஃப்ரீசரில் இடம் இல்லை. எந்தப் பலனும் காட்டாத, அல்லது ஒருமுறை காட்டிய பலனை மறுபடி காட்டாத கீழ்க்கண்ட பாக்டீரியாக்கள் இன்றிலிருந்து இருபத்தோராம் நாள் அழிக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் அன்று காலை பத்து மணிக்கு டைரக்டரிடம் ஆதாரத்துடன் வரவும்.'

கீழே அறுபத்திரண்டு எண்கள்.

சோப்பக்கா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு விரலை ஓட்டினாள். முப்பத்தாறு. முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று.

விரல் அங்கேயே நின்றது.

சோப்பக்கா அந்தக் கூடத்தின் டெக்னீஷியன். சோப்பையே கழுவிவிட்டுத்தான் கை கழுவுவாள் என்று யாரோ கிளப்பிவிட்டதில் பிறந்த பெயர். தட்டில் அழைக்காத கிருமி வந்து முளைப்பதற்கு ஆய்வுக்கூட பாஷையில் கன்டாமினேஷன் என்று பெயர். பத்தொன்பது வருடத்தில் அவள் தட்டில் அது ஒன்றுகூட இல்லை என்று நோட்டு சொல்லும். ஒவ்வொரு வருடமும் அதற்காக டைரக்டர் ஒரு சான்றிதழ் கொடுப்பார். அவள் மேசைக்கு மேலே பத்தொன்பது சட்டங்கள் வரிசையாகத் தொங்கின. தூசி? பேச்சுக்கே இடமில்லை.

"அக்கா, பாத்தீங்களா?"

பின்னால் டாக்டரம்மா. முப்பத்துமூன்று வயது. கையில் தேநீர், அதில் ஆடை படிந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

"பாத்தேன்."

"நாப்பத்தொண்ணு."

"அதான் பாத்தேன்னு சொல்றேனே."

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா தேக்கரண்டியால் தோண்டி எடுத்த மண்ணில் கிடைத்த பாக்டீரியா அது. தட்டில் வளர்ந்தால் சாம்பல் பூசிய வெல்வெட் மாதிரி இருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், ஒரே ஒரு நாள், அது மருந்து சுரந்தது. அது வளர்ந்த ஜெல்லித் தட்டிலிருந்து பொத்தான் அளவு வட்டங்களை வெட்டி, எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமியின் சாதுவான தங்கச்சிக் கிருமி பரப்பிய இன்னொரு தட்டில் வைத்தார்கள். மறுநாள் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம். கிருமி செத்து, கண்ணாடி போலத் தெளிந்த வளையம். பதினெட்டு மில்லிமீட்டர். டாக்டரம்மா ஸ்கேலையே சந்தேகப்பட்டு வேறு ஸ்கேல் கொண்டுவந்து அளந்தாள்.

அதற்கப்புறம் நாற்பத்துமூன்று தடவை செய்து பார்த்தாயிற்று. வளையம் கிடையாது. ஒரு புள்ளி கிடையாது.

"மருந்து செய்யற ஜீன் மொத்தமும் அதுகிட்ட இருக்குக்கா. வரிசையா, ஒண்ணு குறையாம படிச்சுப் பாத்துட்டேன். அடுப்பு இருக்கு, பாத்திரம் இருக்கு, சாமான் இருக்கு. பத்த வைக்க மாட்டேங்குது."

"ஏனாம்?"

"வாசல்ல ஒரு புரதம் உக்காந்திருக்கு. அந்த ஜீன் வரிசை ஆரம்பிக்கிற இடத்துலயே டி.என்.ஏ.வைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. அது பிடியை விட்டாதான் ஜீன் வேலை செய்யும்."

"விடச் சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா விடுமா? ஒரு சின்ன மூலக்கூறு வரணும். சாவி மாதிரி. அது இந்தப் புரதத்துக்குள்ள போய்ப் பொருந்தினா புரதம் வளையும், பிடி தானா நழுவும். எந்தச் சாவின்னு தெரியல. பட்டினி போட்டுப் பாத்தேன். குளிர்ல வச்சேன். உப்பை அள்ளிப் போட்டேன். சர்க்கரையை நிறுத்தினேன்."

"மாமியார் தோத்துருவா போலிருக்கே!"

டாக்டரம்மா சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆடை படிந்த தேநீரை மடமடவென்று குடித்துவிட்டுப் போனாள்.

நாற்பத்தொன்று போனால் அவள் கையில் எதுவும் மிஞ்சாது. ஆறு வருட உழைப்பு அந்த ஒரு குழாயில்தான் உறைந்து கிடந்தது.

*

வீடு மூன்றாவது மாடி. மாலை ஆறு மணிக்கு சோப்பக்கா கதவைத் திறந்தபோது அவள் கணவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டு ரிப்பேர் செய்பவர். ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அடியில் கடை. ஊரே அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும்.

பால்கனியில் துணிக்கொடியையும் அவரையும் தவிர ஒன்றும் இல்லை. தரையில் பதினோரு துரு வளையங்கள். எட்டு மாதத்துக்கு முன்னால்வரை அங்கே பதினோரு பெயின்ட் டப்பாக்கள் இருந்தன, பதினோரு செடிகளோடு. வளையங்களை சோப்பக்கா ஞாயிறுதோறும் தேய்த்தாள். பிரஷ்தான் தேய்ந்தது.

"வாம்மா. முட்டை அவிச்சு வச்சிருக்கேன்."

"இன்னைக்கு எத்தனை பூட்டு?"

"நாலு. அதுல ரெண்டு பூட்டே இல்ல, மறதி."

"அப்படின்னா?"

"சாவி தொலைஞ்சிருச்சு, ஓடியாங்க, பூட்டை ஒடைங்கன்னு கூப்பிடுவாங்க. நான் போய்ப் பையைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேப்பேன். பக்கத்து வீட்டுல ஒரு சாவி குடுத்து வச்சிருக்கீங்களான்னு. அப்பதான் மண்டையில அடிச்சுக்குவாங்க. இந்த ஊர்ல பாதி வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ஆணியிலதான்மா தொங்குது. வாங்க மறந்துடறாங்க, அவ்வளவுதான்."

சோப்பக்கா முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது.

பக்கத்து வீடு.

மண்ணில் இருந்தபோது நாற்பத்தொன்றுக்கு எத்தனை பக்கத்து வீடு! ஒரு சிட்டிகை மண்ணில் ஒரு நகரமே குடியிருக்கும். ஆய்வுக்கூடத்துத் தட்டில்? தனி வீடு. சுற்றிலும் பொட்டல். அப்படி வைத்திருப்பதுதான் அவள் வேலை. அதற்குத்தான் சான்றிதழ்.

தனியாக இருப்பவன் யாரோடு சண்டை போட ஆயுதம் செய்யப் போகிறான்?

"என்னம்மா, முட்டை வேகலியா?"

"வெந்திருக்கு" என்றாள். ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பழைய விஷயம். எட்டு மாதமாக அமுக்கி வைத்திருந்த விஷயம்.

*

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்தாள். டாக்டரம்மாவின் மேசைக்கு எதிரே சுவரில் அந்தப் பழைய புகைப்படம் ஒட்டியிருந்தது. வளையம் காட்டிய நாளில், பொத்தான்களை வெட்டி எடுத்த பிறகு நாற்பத்தொன்றின் தட்டை எடுத்த படம். எட்டு மாதமாக டாக்டரம்மா தினமும் பார்க்கும் படம்.

சோப்பக்கா ஓட்டைகளை எண்ணினாள்.

அவள் எப்போதும் எட்டுதான் வெட்டுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து எட்டு. ஒவ்வொன்றும் துளைக்கருவியால் போட்ட கச்சிதமான வட்டம்.

படத்தில் ஒன்பது இருந்தன.

ஒன்பதாவது வட்டமாக இல்லை. பிளேடால் அவசரமாகக் கீறி எடுத்த கோணல் சதுரம். நாற்பத்தொன்று வளர்ந்திருந்த சாம்பல் நிறக் கோட்டை ஓரமாகக் கடித்த மாதிரி.

அந்த ஒன்பதாவது எப்படி வந்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் இப்போது படத்துக்கு முன்னால் நின்றாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், பொத்தான் வெட்ட வேண்டிய அன்று காலை தட்டைத் திறந்ததுமே பார்த்துவிட்டாள். நாற்பத்தொன்றின் ஓரத்தில், கடுகளவு, ஆரஞ்சு நிறத்தில், சுருங்கிய தோலோடு ஒரு அந்நியன். பத்தொன்பது வருடத்தில் முதல் கன்டாமினேஷன். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிளேடைத் தீயில் காட்டினாள். அந்தத் துண்டை மட்டும் கீறி எடுத்துப் பையில் போட்டாள். பையை ஆட்டோகிளேவில் போட்டாள். அழுத்த நீராவியில் எதுவும் பிழைக்காது. பிறகு மிச்சத் தட்டில் நேர்த்தியாக எட்டு வட்டம் வெட்டி டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். நோட்டில் எழுதவில்லை. ஒரு வரி. எழுதவில்லை.

எங்கிருந்து வந்தது என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து நாள் முன்பு, தட்டில் கிருமியைக் கோடாக இழுத்து விதைத்த அன்று காலையில் மழை. கணவரின் எலுமிச்சை டப்பாவை விளிம்பைப் பிடித்து உள்ளே இழுத்தவள் அவள். தாமதமாகிவிட்ட பதற்றத்தில் அன்று பார்த்து கடிகாரத்தைக் கழற்ற மறந்திருந்தாள். கழற்றிப் பார்த்தபோது தோல் பட்டையின் மடிப்பில், காய்ந்து போய், ஒரு கோடு மண்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "வீட்டுக்குள்ள இனிமே மண்ணு இருக்கக் கூடாது."

"என்னம்மா ஆச்சு?" என்றார் அவர்.

"இருக்கக் கூடாதுன்னா இருக்கக் கூடாது."

அடுத்த ஞாயிறு பதினோரு டப்பாவும் இல்லை. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து பால்கனியில் நாற்காலி மட்டும்தான்.

சோப்பக்கா புகைப்படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரனைத் தன் கையாலேயே வேகவைத்துக் கொன்றிருக்கிறாள்.

பத்தொன்பது நாள் பாக்கி.

*

உணவு இடைவேளையில் ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றாள். கை இரண்டையும் நீட்டினால் இரண்டு சுவரும் தொடும் கடை. சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் அதை நிறுத்தினார்.

"என்னம்மா? வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டியா?"

"அந்த எலுமிச்சை டப்பாவை யாருக்குக் குடுத்தீங்க?"

பூட்டுக்காரரின் முகத்தில் பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட களை. "எதுக்கு?"

"வேணும். ரொம்ப அவசரம்."

அவர் எழுந்தார். சாவிக்கொத்துகள் தொங்கும் பலகையைக் கதவு மாதிரி ஒதுக்கினார். பின்னால் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலில் பச்சை பெயின்ட் டப்பா. டப்பாவில் முழங்கால் உயரத்தில் எலுமிச்சை, சன்னமான வெயிலை நோக்கி ஒருபக்கமாகச் சாய்ந்து.

"வீட்டுக்குள்ளதானே கூடாதுன்ன? இது கடை."

சோப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அங்கேயே, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். மழை, கடிகாரம், ஆரஞ்சுக் கடுகு, பிளேடு, எழுதாத நோட்டு. கடைசியில், "தப்பு உங்க மண்ணு மேல இல்லை. என் மேல. அதை உங்ககிட்ட சொல்ல வாய் வரல, அதனால கத்திட்டேன்" என்றாள்.

பூட்டுக்காரர் ஒரு பழைய சாவியை எடுத்து, துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் என்னமோ பண்ணிட்டேன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன், எட்டு மாசமா."

"என்ன பண்ணீங்கன்னு?"

"அது தெரியாமத்தான். மனசுக்குள்ள ஒரு லிஸ்டே வச்சிருந்தேன்."

"லிஸ்ட்டா?"

"முதல்ல குறட்டை இருந்துச்சு. அப்புறம் உன் அக்கா வீட்டுல நான் சொன்ன ஒரு ஜோக்கு."

"அந்த ஜோக்குக்குத் தனியா இருக்கு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை முழுக்க இரும்புத் தூள். இதுவரை கழுவாமல் அந்தக் கையை அவள் தொட்டதில்லை.

பிறகு பையிலிருந்து கிருமி நீக்கிய குழாயையும் கரண்டியையும் எடுத்தாள். அன்று அவள் கை பட்ட விளிம்பை ஒட்டி ஒரு கரண்டி மண்.

"இவ்வளவுதானா? இன்னும் அள்ளிக்கோம்மா."

"போதும். இதுலயே கோடிக்கணக்கான உசுரு இருக்கு."

"கோடியா?" பூட்டுக்காரர் எலுமிச்சையைத் திரும்பிப் பார்த்தார். "பாவம் தனியா நிக்குதேன்னு தினமும் இதுகூடப் பேசிக்கிட்டிருந்தேனே!"

*

மண்ணைக் கரைத்து, ஆயிரம் மடங்கு நீர்த்து, தட்டுகளில் பரப்பினாள். நான்கு நாளில் தட்டு திருவிழாக் கூட்டம்போல் நிறைந்தது. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, சளி மாதிரி வழிவது, மாவு மாதிரி உதிர்வது. அதில் ஆரஞ்சு நிறத்தவர்கள் ஏழு பேர். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த ஆசாமி இவர்களில் யார்? அடையாள அணிவகுப்புதான். ஏழு பேரையும் தனித்தனியாகப் பிரித்தாள். ஒவ்வொருவரையும் ஒரு தட்டில் நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் குடிவைத்தாள்.

இதெல்லாம் டாக்டரம்மாவுக்குத் தெரியாமல். கிருமி வளர்க்கும் வெப்பப் பெட்டியின் அடித்தட்டில், பழைய தட்டுகளுக்குப் பின்னால். சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் முடிவெடுப்பாள். மேசைக்கு மேலே பத்தொன்பது சட்டங்களும் அவளையே பார்க்கும். ஜெயித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு. டாக்டரம்மா அங்கே மேசையில் அறிக்கை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காலை சோப்பக்கா பெட்டியைத் திறந்தாள். பொத்தான்கள் வைத்த ஏழு தட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

ஒன்று. இல்லை.

இரண்டு. மூன்று. நான்கு. இல்லை.

ஐந்து, ஆறு, ஏழு.

தங்கச்சிக் கிருமி ஏழிலும் ஜம்மென்று வளர்ந்திருந்தது. வளையம் என்ற பேச்சே இல்லை.

ஐந்து நாள் பாக்கி. இனி சாமர்த்தியத்துக்கு வேலை இல்லை. சோப்பக்கா வெள்ளைக் கோட்டில் கையைத் துடைத்தாள், ஏழு தட்டையும் தட்டுத்தாங்கியில் அடுக்கினாள், நேரே டாக்டரம்மாவின் மேசைக்குப் போய் வைத்தாள்.

"உக்காருங்க டாக்டரம்மா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசாதீங்க. பேசினா எனக்கு வராது."

சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னாள்.

டாக்டரம்மா ஏழு தட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நாப்பத்துமூணு தடவைக்கா. அந்த வளையத்தை நான் கனவு கண்டுட்டேனோன்னு நினைச்சேன். எனக்கு வேலையே தெரியலன்னு நினைச்சேன். எங்க அம்மாகிட்ட போன் பண்ணி, நான் பொய் சொல்லிட்டேன் போலிருக்குமான்னு அழுதிருக்கேன்."

சோப்பக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. இங்கேயும் ஒரு லிஸ்ட் இருந்திருக்கிறது.

"என்னைத் திட்டிருங்க."

"திட்டுவேன். கண்டிப்பா திட்டுவேன். இருபத்திரண்டாம் நாள் உக்கார வச்சுத் திட்டுவேன்." டாக்டரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரிலிருந்து புகைப்படத்தைப் பிய்த்தாள். "முதல்ல இதைச் சொல்லுங்க. ஏழு பேரையும் குடிவச்ச தட்டுல ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விட்டீங்க?"

"ரெண்டு சென்டிமீட்டர்."

"சுமாராவா?"

"சுமாரா எனக்கு எதைச் செய்யத் தெரியும்? ஸ்கேல் வச்சுத்தான்."

டாக்டரம்மா புகைப்படத்தை அவள் கண்முன்னால் நீட்டினாள். விரல் ஒன்பதாவது ஓட்டையில் இருந்தது. கோணல் சதுரம் சாம்பல் கோட்டுக்குள்ளேயே இறங்கிக் கடித்திருந்தது.

"அன்னைக்கு அது எங்க இருந்துச்சுக்கா? பக்கத்துலயா?"

சோப்பக்கா கண்ணை மூடினாள். கடுகளவு ஆரஞ்சு. அதன் விளிம்பில் சாம்பல் வெல்வெட் படிந்திருந்தது. கீறும்போது இரண்டும் சேர்ந்துதான் வந்தன.

"தொட்டுக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "தோள் மேல கை போட்ட மாதிரி."

"அதானே! சிலதுக்குப் பக்கத்துத் தட்டு வாசனையே போதும். சிலதுக்கு ஜெல்லியில ஊறி வந்தா போதும். சிலதுக்குத் தொட்டாதான் சேதி போகும். நீங்க என்னடான்னா ரெண்டையும் பெரிய மனுஷங்க மாதிரி ஆளுக்கொரு மூலையில உக்கார வச்சிருக்கீங்க!"

*

தட்டில் ஒரு கிருமியின் மேல் இன்னொன்றை வேண்டுமென்றே இழுகுவது. கேட்கச் சுலபம். பத்தொன்பது வருடமாக எதைச் செய்யாமல் இருக்கப் பழகியதோ, அதைச் செய்ய அந்தக் கை மறுத்தது. ஊசிக் கம்பியை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை கீழே வைத்தாள்.

"நான் வேணா பண்ணட்டுமாக்கா?"

"வேணாம். பிரிச்சது நான்தானே" என்றாள் சோப்பக்கா. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சைத் தொட்டு சாம்பல் கோட்டின் மேலேயே இழுத்தாள். ஏழு தட்டில், ஏழு பேரையும். ஆரஞ்சு மட்டும் தனியாக ஏழு. நாற்பத்தொன்று மட்டும் தனியாக ஒன்று. மருந்து யாருடையது என்று பிறகு யாரும் கேள்வி கேட்கக் கூடாதல்லவா?

வாசலில் ஐஸ்பெட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார். மைனஸ் எண்பது.

இருபதாம் நாள் எல்லாவற்றிலிருந்தும் பொத்தான் வெட்டித் தங்கச்சிக் கிருமியின் தட்டுகளில் வைத்தார்கள். இருபத்தோராம் நாள் காலை எட்டு மணி. இரண்டு பேரும் வெப்பப் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள்.

"நீங்க தெறங்க."

"நீங்க தெறங்க டாக்டரம்மா."

கடைசியில் நாலு கையும் சேர்ந்து திறந்தன.

நாற்பத்தொன்று தனியாக: இல்லை. ஆரஞ்சு தனியாக, ஏழு தட்டிலும்: இல்லை. இது இரண்டும் எதிர்பார்த்ததுதான். ஜோடித் தட்டுகளை டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். முதல் தட்டு இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சாய்த்தாள்.

பொத்தானைச் சுற்றி, கண்ணாடி போல, ஒரு நிலா வட்டம்.

"ஸ்கேல்!" என்று டாக்டரம்மா கத்தினாள். "ஸ்கேல் எங்கக்கா?"

பதினெட்டு மில்லிமீட்டர். சோப்பக்கா கேட்காமலே இரண்டாவது ஸ்கேலையும் எடுத்துக் கொடுத்தாள். அதிலும் பதினெட்டு. டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். கையுறையோடு, கிருமி பட்ட வெள்ளைக் கோட்டோடு, எந்த விதியும் பாராமல். சோப்பக்கா ஒரு கணம் விறைத்தாள். பிறகு அவளும் கட்டிக்கொண்டாள்.

பத்து மணிக்கு டைரக்டர் அறை. டைரக்டர் தட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். ஐஸ்பெட்டி பேனாவை எடுத்துப் பட்டியலில் நாற்பத்தொன்றை ஸ்கேல் வைத்து அடித்தார்.

"இந்த ஆரஞ்சையும் ஃப்ரீசர்ல வைக்கணும்" என்றார். "இடம் நான் பண்ணிக்கறேன். எங்க எடுத்த மண்ணு? ரெஜிஸ்டர்ல எழுதணும்."

டாக்டரம்மா வாயைத் திறந்தாள். சோப்பக்கா முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரோட எலுமிச்சை டப்பா. எட்டு மாசம் முன்னாடி என் தட்டுல வந்து விழுந்த கன்டாமினேஷன் சார் அது. வந்ததை நான் எழுதல. மறைச்சுட்டேன்."

டைரக்டர் கையிலிருந்த தட்டை மேசை மேல் வைத்தார்.

"இந்த வருஷச் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்க வேண்டியிருக்கும்" என்றார் டைரக்டர், மெதுவாக. "நோட்டுலயும் எழுதணும். எழுத்து மூலமா ஒரு எச்சரிக்கையும் தரணும். அது இல்லாம முடியாது."

"கழட்டிக் கொண்டாந்துட்டேன் சார்." பையிலிருந்து சட்டத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள்.

வெளியே வரும்போது ஐஸ்பெட்டி பின்னாலேயே வந்தார். "எலுமிச்சை காய்க்குதா?" என்றார்.

"இன்னும் இல்ல சார்."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. காய்க்கல" என்றார். அவர் முகத்தில் ஒரு டிகிரி, ஒரே ஒரு டிகிரி, ஏறியிருந்தது.

*

அன்று மாலை எலுமிச்சை டப்பாவை மூன்று மாடியும் சோப்பக்காதான் தூக்கிவந்தாள். பூட்டுக்காரர் பின்னால் கையை நீட்டியபடியே ஏறினார். "குடும்மா, நான் தூக்கறேன். துணியெல்லாம் மண்ணு."

"இருக்கட்டும்."

பால்கனியில் வந்து மூச்சு வாங்கினாள். "மத்த பத்தும் யார் யார்கிட்ட?"

"எங்கயும் போகல. இந்தக் கட்டடத்துலதான். கீழ் வீட்டுல ரெண்டு, எதிர் வீட்டுல ஒண்ணு, தையல்காரம்மா வீட்டுல மூணு... ஞாயித்துக்கிழமை போய்த் தண்ணி ஊத்திட்டு வருவேன்."

"ஞாயித்துக்கிழமை நடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனது?"

"நடந்துதான் போனேன். படியில."

சோப்பக்கா அவரை முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே கழன்றுவிட்டது.

"ஜோக்கு விஷயம் இன்னும் பாக்கி இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க" என்றாள். "இதை எங்க வைக்கறது?"

பூட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. பதினோரு துரு வளையங்களில் இடப்பக்கம் மூன்றாவதைக் காட்டினார். சோப்பக்கா குனிந்து டப்பாவை இறக்கி, இப்படியும் அப்படியும் ஒரு விரல் நகர்த்தினாள். வளையத்தின் மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

"நான் போய் எதிர் வீட்டுல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, கை கழுவாமலே படியிறங்கினாள்.